கால் கிலோ உளுந்து

ஞாயிற்றுக்கிழமை. ரங்கூனில் மின்சாரம் போன நேரம்.
பஸூண்டவுங் தெருவில் மூன்றாம் மாடி.
நோ மூ பௌ கைபேசி வெளிச்சத்தில் பலகையில் எழுதுகிறாள்.
ஆசிரியைக்கு இருபத்து மூன்று. எனக்கு நாற்பத்தொன்று.
சொல்லுக்கு முன்னால் ஒட்டுவது, பின்னால் ஒட்டுவது,
இன்றைக்கு அவ்வளவுதான் என்கிறாள்.

'ஹாப்பி' என்று எழுதி
அதன் தலையில் 'அன்' என்றொரு தொப்பி வைத்தாள்.
சந்தோஷம் போய்விட்டது.
இவ்வளவு சுலபமா?

எங்கள் மொழியில் தலையைத் தொட விடமாட்டோம்,
வாலைத்தான் நீட்டுவோம்:
வீடு, வீட்டில், வீட்டிலிருந்து,
வீட்டிலிருந்துதானே வருகிறாய் என்று
மாண்டலே ரயில் மாதிரி.
இல்லை என்பதை வயிற்றுக்குள் ஒளித்துவைப்போம்.
வந்தவன், வராதவன்.
நடுவில் ஒரு 'ஆ' போதும்,
அவனுக்காகச் சோறு எடுத்துவைக்க வேண்டியதில்லை.

பர்மியரோ இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துவார்கள்.
மத்வாபூ: போகவில்லை.
முன்னால் ஒரு 'ம', பின்னால் ஒரு 'பூ',
நடுவே 'போ' என்ற சொல்
இரு காவலர் கூட்டிப்போகும் கைதியைப் போல.

அந்த 'ம' என் பெயருக்கு முன்னாலும் நிற்கிறது.
அடையாள அட்டையில் நான் ம செங்கமலம்.
மரியாதைக்கும் மறுப்புக்கும் அதே எழுத்து.
பள்ளியில் வருகைப் பதிவு கூப்பிட்டதும்
பின் வரிசைப் பையன்கள் கத்துவார்கள்:
செங்கமலம் இல்லை, டீச்சர், செங்கமலம் இல்லை.
இன்னும் சில வருடத்தில் 'டோ' ஆகிவிடுவேன்.
வயதானால் அந்த இல்லையாவது போகும்.
ஆசிரியையின் கரேன் பெயரிலும் முன்னால் ஒரு 'நோ'.
மேசைக்கு இந்தப் பக்கம் ஓர் இல்லை,
அந்தப் பக்கம் ஓர் இல்லை.

நான் படிக்க வந்த கதை வேறு.
பயின்னவுங் சந்தையில் ஊ சொக்கநாதனின் பருப்பு மண்டி.
இருபது வருடம் தராசுப் பக்கத்தில் இருந்தேன்.
அவர் மகன் சிங்கப்பூர் போனதும்
ஆங்கிலக் கடிதமெல்லாம் என் தலையில் விழுந்தது.
தூத்துக்குடிக்கு ஒரு மாதிரிப் பொட்டலம்,
கால் கிலோ உளுந்து.
படிவத்தில் ஒரு கட்டம்: மதிப்பு என்ன?
மாதிரிக்கு ஏது மதிப்பு.
'இன்' என்றால் இல்லை என்று எங்கோ கேட்டிருந்தேன்.
முத்து முத்தாக எழுதினேன்: இன்வேல்யுவபிள்.

சுங்கத்தில் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள்.
பொட்டலத்தைக் கிழித்து, சலித்து, முகர்ந்து,
உளுந்துக்குள் என்ன ஒளித்திருக்கிறது என்று கேட்டு
நான்கு கடிதம்.
கடைசியில் வண்டுதான் இருந்தது.
முதலாளி திட்டவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு,
'நம்ம சரக்கோட அருமை
அந்த ஒரு ஆபீசருக்குத்தான் தெரிஞ்சிருக்கு' என்றார்.
அதற்குத் திட்டியிருக்கலாம்.

'இன்' என்றால் இல்லைதானே, இங்கே ஏன் இல்லை?
கேட்டேன்.
நோ மூ பௌ பேனா மூடியைக் கடித்தாள்.
மதிப்பிட முடியாத அளவுக்குப் பெரியது, அக்கா.
இந்த மொழி சில இடத்தில் ஏமாற்றும்.

ஏமாற்றுக்கார மொழிக்கு மாதம் முப்பதாயிரம் சாட்
கட்டுகிறேனே என்று படியிறங்கினேன்.
தெருவில் முழங்கால் தண்ணீர்.
செருப்பைக் கையில் எடுத்தபடி வாய்க்குள் திட்டினேன்:
மதிப்பற்ற மொழி. மதிப்பற்ற...
விலைமதிப்பற்ற.

நின்றுவிட்டேன்.
பின்னால் சைக்கா வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டே இருந்தான்.
'விலை' முன்னால் வந்து நின்றால்
குப்பை நகையாகிவிடுகிறது.
நாற்பத்தொரு வருடம் இந்தப் பொறி
என் வாயிலேயே இருந்திருக்கிறது,
ஒருநாளும் கால் சிக்கவில்லை.

திங்கட்கிழமை இன்னொரு பொட்டலம்.
அதே படிவம், அதே கட்டம்.
சொல்லே வேண்டாம் என்று எண்ணில் எழுதினேன்: ஒரு டாலர்.
எண்ணுக்கு முன்னால் என்ன ஒட்டினாலும் தெரிந்துவிடும்.
பின்னால் சைபர் ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.
பிறகு உளுந்தைத் தட்டில் கொட்டி
ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினேன்.
யாரும் கேட்கவில்லை.
பகல் சாப்பாடு ஆறிப்போனது.